பள்ளத்தாக்கில் நான்குவழிச் சாலை வரும்போது ஆற்றை நம்பிப் பிழைப்போர் செய்ய வேண்டியவை

ஆற்றங்கரை ஊர்களில் நெடுஞ்சாலைக்கு நில எடுப்பு தொடங்கும்போது அரசின் கணக்கில் இடம்பெறுவது புல எண், பரப்பளவு, கட்டடத்தின் மதிப்பு, மரங்களின் எண்ணிக்கை ஆகியவை மட்டுமே. அந்த ஆற்றில் படகு செலுத்துபவர், மீன் பிடிப்பவர், கரையோரத்தில் தேநீர்க் கடை வைத்திருப்பவர், வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர், பிறர் தோட்டத்தில் பழம் பறித்துக் கூலி வாங்குபவர் ஆகியோரில் பலருடைய பெயர் எந்தப் பட்டாவிலும் இருப்பதில்லை. ஆகவே அவர்கள் இழப்பது கணக்கிலேயே ஏறாமல் போகிறது. அவர்களுக்காகவும், அவர்களுக்குத் துணை நிற்கும் ஊராட்சி உறுப்பினர்கள், ஆசிரியர்கள், இளைஞர்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சாலையே வேண்டாம் என்பவரும், சாலை வரட்டும் ஆனால் ஆற்றைக் கெடுக்காமல் வரட்டும் என்பவரும் ஒரே ஊரில் இருப்பார்கள். கீழே சொல்லப்படும் வேலைகள் இரு தரப்பினருக்கும் பொதுவானவை.

பியாஸ் காட்டும் பாடம்

எடுத்துக்காட்டாக ஹிமாச்சலப் பிரதேசத்தின் பியாஸ் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். ரோத்தாங் கணவாய்க்கு அருகில் தோன்றும் பியாஸ் ஆறு மணாலி, குலு, ஔட், பண்டோ வழியாக மண்டியை அடைகிறது. ஒடுங்கிய இந்தப் பள்ளத்தாக்கில் வயல், ஆப்பிள் தோட்டம், கடைத்தெரு, சாலை, ஆறு எல்லாமே ஒரே குறுகிய பட்டைக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. பழத்தோட்டம், குலு சால்வை நெசவு, டிரவுட் என்னும் குளிர்நீர் மீன், ஆற்றில் ராஃப்டிங் (பயணிகளை ஏற்றி நீரோட்டத்தில் ரப்பர் படகு செலுத்துதல்), ஹோம்ஸ்டே (வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுதல்) என ஒரு குடும்பமே பருவத்துக்குப் பருவம் இரண்டு மூன்று தொழில்களை மாற்றி மாற்றிச் செய்து ஆண்டை ஓட்டுவது அங்கே இயல்பு. இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் கிரத்பூர்–நேர்சௌக்–மணாலி நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பட்டது. 2020 அக்டோபர் 3 அன்று ரோத்தாங்குக்கு அடியில் செல்லும் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு போக்குவரத்தும் பெருகியது.

2023 ஜூலை 9, 10 தேதிகளில் பெய்த பெருமழையில் பியாஸ் கரைபுரண்டபோது, குலுவுக்கும் மணாலிக்கும் இடையே புதிதாக அகலப்படுத்தப்பட்ட சாலை பல இடங்களில் அடியோடு ஆற்றுக்குள் போயிற்று. ஔட்டில் இருந்த பழைய பாலமும் அடித்துச் செல்லப்பட்டது. 2025 ஆகஸ்ட் மாத இறுதியில் அதே பகுதியில் சாலை மீண்டும் அறுபட்டது. மழைதான் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வெள்ளம் பரவுவதற்கென ஆறு வைத்திருந்த இடத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்திச் சாலை போட்டால், ஆறு தன் இடத்தைத் திரும்பக் கேட்கும் நாளில் சாலையோடு ஊரின் வருமானமும் போகும். சாலை அறுபட்ட நாட்களில் மணாலியை வெளியுலகோடு இணைத்தது நக்கர் வழியாகச் செல்லும் இடது கரைச் சாலை. அகலப்படுத்தும் திட்டங்களில் எவரும் பெரிதாகப் பேசாத அந்தப் பழைய சிறிய சாலையைப் போன்றவை உங்கள் பள்ளத்தாக்கிலும் இருக்கும். அவற்றின் பராமரிப்பையும் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேசிய நெடுஞ்சாலைகளுக்குரிய சட்டங்கள் மத்திய அரசின் சட்டங்கள் என்பதால், இங்கே சொல்லப்படும் நடைமுறை குலுவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒன்றே.

அளவுக்கல் நடப்படுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது

அரசிதழில் அறிவிக்கை வரும் நாளுக்குள் சாலைத் தடம் பெரும்பாலும் முடிவாகியிருக்கும். மாற்றுத் தடங்கள் எடைபோடப்படுவது அதற்கு முன்பு, விரிவான திட்ட அறிக்கை தயாராகும் காலத்தில்தான். ஆகவே ஊரில் டிரோன் பறந்தாலோ, அளவீட்டுக் கருவியோடு ஆட்கள் வந்தாலோ, மண் பரிசோதனைக்குத் துளை போடப்பட்டாலோ அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு எழுதி, எந்த நிறுவனம் திட்ட அறிக்கை தயாரிக்கிறது, ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மாற்றுத் தடங்கள் எவை, ஒவ்வொன்றும் எந்தக் காரணத்தால் ஏற்கப்பட்டது அல்லது கைவிடப்பட்டது, ஆற்றின் உச்ச வெள்ள மட்டமாக எந்த ஆண்டின் அளவு எடுத்துக்கொள்ளப்பட்டது ஆகிய நான்கையும் கேளுங்கள். பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிக்கும் வன அனுமதிக்கும் அளிக்கப்படும் விண்ணப்பங்கள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் வரைபடங்களோடு ஏற்றப்படுகின்றன. மாவட்டப் பெயரை இட்டு மாதம் ஒருமுறை தேடிப் பார்க்கும் பொறுப்பை ஊரில் ஓர் இளைஞரிடம் ஒப்படைப்பது நல்லது.

பிழைப்புப் பதிவேடு

இந்த வழிகாட்டியிலேயே மிக முக்கியமான வேலை இதுதான். பின்னால் வரும் ஆட்சேபணை, கருத்துக்கேட்பு, இழப்பீடு, வழக்கு ஆகிய அனைத்தும் இந்தப் பதிவேட்டின் வலிமையையே நம்பியிருக்கும்.

2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதை நில உரிமையாளரோடு நிறுத்திவிடவில்லை. நில எடுப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக அப்பகுதியில் வேலை செய்து, அந்த வேலையையே முதன்மை வருமானமாகக் கொண்ட விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், பங்குச் சாகுபடியாளர்கள், கைவினைஞர்கள் ஆகியோரையும், காட்டையோ நீர்நிலையையோ நம்பி மூன்று ஆண்டுகளாகப் பிழைக்கும் மீனவர்கள், படகோட்டிகள் முதலானோரையும் அது சேர்த்தே சொல்கிறது. ராஃப்டிங் படகு செலுத்தும் இளைஞர் தம்மைப் படகோட்டி என்று நிறுவிக்கொள்ள இங்கே இடமிருக்கிறது. ஆனால் 'மூன்று ஆண்டுகள்', 'முதன்மை வருமானம்' ஆகிய இரண்டையும் மெய்ப்பிக்கும் சுமை அவர் தலையில்தான் விழும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் நடக்கும் நில எடுப்புக்குச் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை என்பதால், அரசுத் தரப்பில் எவரும் வந்து இவர்களைக் கணக்கெடுக்க மாட்டார்கள். ஊரே எடுக்க வேண்டிய கணக்கு இது.

பதிவேட்டில் குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில் யார், என்ன தொழில், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, ஆண்டில் தோராயமாக எவ்வளவு வருமானம், அந்த வருமானம் ஆற்றின் எந்தப் பகுதியை அல்லது எந்தப் பாதையை நம்பியிருக்கிறது என்று எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சான்று இருக்க வேண்டும். சுற்றுலாத் துறைப் பதிவுச் சான்றிதழ், ராஃப்டிங் உரிமம், மீன்பிடி உரிமம், வங்கிக் கணக்குப் பதிவுகள், இணையவழி முன்பதிவு விவரங்கள், விருந்தினர் பதிவேடு, மொத்தச் சந்தைக்குப் பழம் அனுப்பிய ரசீது, கடையின் மின்கட்டண அட்டை என எது கிடைத்தாலும் நகலெடுத்துச் சேருங்கள். சான்றே இல்லாதவருக்கு, அவர் வேலை செய்யும் தோட்டத்தின் உரிமையாளரும் பக்கத்து வீட்டாரும் கையெழுத்திட்ட உறுதிமொழி பயன்படும். குத்தகை பெரும்பாலும் வாய்மொழியாகவே நடக்கும் நம் ஊர்களில், உரிமையாளர் குத்தகையை எழுத்தில் ஒப்புக்கொள்ளத் தயங்குவார். அந்தத் தயக்கத்தை உடைக்க ஊர்ப் பெரியவர்களின் பேச்சுவார்த்தை தேவைப்படும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதாலேயே முன்கூட்டித் தொடங்கச் சொல்கிறேன்.

ஆட்களைப் போலவே நீரையும் பதிவு செய்ய வேண்டும். மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைத்தாலும் சரிவை ஆழமாக வெட்டினாலும், பாறையிடுக்குகளின் வழியே வரும் ஊற்றுநீர் தடம் மாறி ஊற்று வற்றிப்போகலாம். வற்றிய பிறகு 'இங்கே ஊற்று இருந்தது' என்று சொன்னால் ஒப்பந்ததாரர் கேட்க மாட்டார். ஆகவே ஒவ்வொரு ஊற்றின் அடியிலும் அளவு தெரிந்த ஒரு வாளியை வைத்து, அது நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்பதை மாதந்தோறும் ஒரே தேதியில் குறித்து, கைப்பேசியில் இடக்குறியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன் ஓராண்டுக்கான கணக்கு இருந்தால், மழைக்காலத்துக்கும் கோடைக்கும் உள்ள இயல்பான வேறுபாடு எது, சாலைப் பணியால் வந்த குறைவு எது என்று பிரித்துக் காட்ட முடியும். பாசன வாய்க்காலின் தலைமடை, பழைய வெள்ளம் எட்டிய உயரம், ஆற்றோர மேய்ச்சல் நிலம், சடங்குகள் நடக்கும் படித்துறை ஆகியவற்றையும் இதே முறையில் பதியுங்கள். வெள்ளத்தின் உயரத்தைப் பொறுத்தவரை, வயதானவர்கள் சுவரிலோ பாறையிலோ காட்டும் குறி பொறியாளரின் கணக்கைச் சரிபார்க்க உதவும் அரிய ஆவணம்.

பதிவேடு முடிந்ததும் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றி, நகலை மாவட்ட ஆட்சியருக்கும் நெடுஞ்சாலைத் திட்ட இயக்குநருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

இருபத்தொரு நாட்கள்

1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஏ பிரிவின் கீழ் அரசிதழ் அறிவிக்கை வெளியாகும். அதன் சாரம் இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும்; ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும். அறிவிக்கை அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள், 3சி பிரிவின்படி, நிலத்தில் உரிமையோ நலனோ உள்ளவர் எழுத்து மூலம் தகுதியுள்ள அதிகாரியிடம் ஆட்சேபணை தரலாம். அதிகாரி அவரை நேரிலோ வழக்கறிஞர் மூலமோ கேட்க வேண்டும்.

இங்கே பலர் ஒரு தவறான பாதையில் போய்விடுகிறார்கள். 'இழப்பீடு போதாது' என்பது 3சி ஆட்சேபணைக்கு உரிய காரணமன்று. இந்த நிலத்தை இந்தச் சாலைக்குப் பயன்படுத்துவது ஏன் பொருந்தாது என்பதையே அங்கே சொல்ல வேண்டும். நிலம் வெள்ளப்படுகையில் இருக்கிறது, வாய்க்காலின் தலைமடை அறுபடும், அருகில் புறம்போக்கு வழியாக மாற்றுத் தடம் உள்ளது, அறிவிக்கையில் புல எண் பிழையாக இருக்கிறது என்பன போன்ற காரணங்களைப் புல எண் வாரியாக, புலப்பட நகலோடும் பதிவேட்டின் உரிய பக்கத்தோடும் இணைத்துத் தனித்தனி மனுவாகக் கொடுங்கள். நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவை விட, நூறு தனி மனுக்களுக்கு நூறு விசாரணைகள் நடத்த வேண்டியிருக்கும். 3ஏ அறிவிக்கையிலிருந்து ஓராண்டுக்குள் 3டி பிரிவின் கீழ் உறுதிப்படுத்தும் அறிவிப்பு வராவிட்டால் முந்தைய அறிவிக்கை செயலிழக்கும். வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குரியதாகிவிடும். 21 நாள் கெடு முடியும் தேதியையும் ஓராண்டு முடியும் தேதியையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

நிலமற்றவர்கள் 3சி வழியில் நுழைவது கடினம். அவர்களுடைய குரலுக்கு உரிய இடம் அடுத்து வரும் கருத்துக்கேட்பு.

கருத்துக்கேட்புக் கூட்டம்

2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, புதிய தேசிய நெடுஞ்சாலைகளுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி தேவை. அந்த அனுமதிக்கான நடைமுறையின் ஒரு படிதான் கருத்துக்கேட்பு. ஏற்கெனவே உள்ள நெடுஞ்சாலையை விரிவாக்கும்போதோ, 2013-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்டி, கூடுதலாக எடுக்கும் அகலம் பழைய தடத்தில் 40 மீட்டரையும் புறவழிகளிலும் மாற்றுத் தடங்களிலும் 60 மீட்டரையும் மீறினால்தான் அனுமதி தேவைப்படும். இதனால் நீண்ட சாலை ஒன்றைச் சிறு துண்டுகளாக ஆவணப்படுத்தும் போக்கு உருவானது. உத்தராகண்டில் 889 கிலோமீட்டர் சார்தாம் சாலைத் திட்டம் 53 தனித் திட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, முழுமைக்கும் ஒரு மதிப்பீடு நடக்காமலேயே தொடங்கியது. 2022 ஜூலையில் செய்யப்பட்ட இன்னொரு திருத்தம், எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அமையும் பாதுகாப்பு சார்ந்த நெடுஞ்சாலைகளுக்கு விலக்கும் அளித்தது. எனவே உங்கள் ஊர்ச் சாலை எந்தப் பெரிய திட்டத்தின் துண்டு, மொத்த நீளம் எவ்வளவு என்பதை முதலில் நிறுவுங்கள்.

கூட்டம் நடக்குமானால், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்; வரைவு மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் கிடைக்க வேண்டும்; கூட்டம் முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும்; முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்கள் முன் படித்துக் காட்ட வேண்டும். சுருக்கம் கிடைக்காவிட்டால் அதையே முதல் ஆட்சேபணையாக எழுத்தில் தாருங்கள். பேசுபவர்களைத் தொழில்வாரியாக முன்பே பிரித்து, படகோட்டி ஒருவர், தோட்டக்காரர் ஒருவர், ஹோம்ஸ்டே நடத்தும் பெண் ஒருவர், ஊற்றுக் கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் என நிறுத்தினால், கோபத்தில் பத்துப் பேர் ஒன்றையே சொல்வது தவிர்க்கப்படும். பேசியதை எழுதியும் கொடுத்துவிட வேண்டும்.

சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை வழக்கை நம்மவர்கள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். 277 கிலோமீட்டர் திட்டத்துக்கான நில எடுப்பு அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8 அன்று வழங்கிய தீர்ப்பிலோ, 3ஏ அறிவிக்கை வெளியிடச் சுற்றுச்சூழல் அனுமதி முன்தேவையில்லை என்றும், பணி தொடங்குவதற்கு முன் அது கட்டாயம் என்றும் கூறியது. ஆகவே அனுமதி வரவில்லையே என்று நம்பி 21 நாள் கெடுவைத் தவறவிடுவது இன்று பேரிழப்பாகும்.

எதைக் கேட்பது

தடத்தை மாற்றக் கேட்பது ஒன்று; தடம் மாறாவிட்டாலும் கட்டும் முறையை மாற்றக் கேட்பது மற்றொன்று. இரண்டாவதில் ஊர்கள் வெல்லக்கூடியது நிறைய இருக்கிறது. பண்டோ அணைக்கு மேலே ஹனோகி பகுதியில் சாலையைச் சரிவின் மீது அகலப்படுத்தாமல் சுரங்கங்களுக்குள் கொண்டு சென்றிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மாற்று எங்கெங்கே ஆராயப்பட்டது, எங்கே ஆராயப்படவில்லை என்று கேட்பது உங்கள் உரிமை. சரிவைச் செங்குத்தாக வெட்டினால் எடுக்க வேண்டிய நிலம் குறையும், செலவும் குறையும். ஆனால் மேலே உள்ள தோட்டமும் வீடும் அடுத்தடுத்த மழைக்காலங்களில் இறங்கத் தொடங்கும். எடுப்பு எல்லைக்கு வெளியே இருக்கும் அந்த வீட்டுக்கு இழப்பீட்டுப் பட்டியலில் இடம் கிடையாது. ஆகவே சரிவின் கோணம், படிப்படியாக வெட்டுதல், வடிகால், தாங்குசுவர் ஆகியவற்றை மேலே உள்ள ஒவ்வொரு வீட்டின் பெயரையும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

வெட்டிய மண்ணும் பாறையும் எங்கே போகும் என்பதே ஆற்றைப் பொறுத்தவரை தலையாய கேள்வி. மலைக்குள் இருந்தபோது எடுத்துக்கொண்ட இடத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடத்தை உடைத்த பாறை அடைத்துக்கொள்ளும். கொட்டுமிடம் தொலைவில் இருந்தால் லாரிச் செலவு கூடும் என்பதால், இரவோடு இரவாக ஆற்றோரத்தில் தள்ளும் தூண்டுதல் எப்போதும் இருக்கும். அந்த மண் நீரைக் கலக்கும். டிரவுட் முட்டையிடும் கூழாங்கல் படுகையை மூடும். படுகையை உயர்த்தி அடுத்த வெள்ளத்தைக் கரைக்கு மேலே ஏற்றும். ராஃப்டிங் தடத்தில் எதிர்பாராத இடங்களில் பாறைகளைக் கொண்டு வந்து நிறுத்தும். கொட்டுமிடங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் கொள்ளளவு, உச்ச வெள்ள மட்டத்துக்கு மேலே அவை உள்ளனவா என்ற விவரம், அடிச்சுவர் கட்டிய பிறகே கொட்டத் தொடங்குவது என்ற உறுதிமொழி ஆகிய நான்கையும் வாங்காமல் விடாதீர்கள்.

சுற்றுலாவுக்கெனத் தனியாகக் கேட்க வேண்டியவை உண்டு. புதிய சாலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் வழி எங்கே, பழைய கடைத்தெருவுக்குச் செல்லும் பெயர்ப்பலகை யார் பொறுப்பு, படகுத் துறைக்கும் கோயிலுக்கும் செல்லும் நடைபாதை சாலைக்கு அடியில் தொடருமா என்பவை திட்ட வரைபடத்திலேயே தீர்க்கப்பட வேண்டியவை. கட்டி முடித்த பிறகு அணுகுவழி கேட்பவர் அலைந்துகொண்டேதான் இருப்பார். வேலைக்கான நாட்காட்டியையும் கேளுங்கள். குலுவில் ஏப்ரலில் ஆப்பிள் பூக்கும்போது பறக்கும் தூசு தேனீக்களையும் பூவையும் பாதிக்கும். கோடையில் பயணிகள் குவிவார்கள். மழைக்காலம் தொடங்கி அறுவடை நடக்கும்போது சாலை அடைபட்டால் பழம் லாரியிலேயே அழுகும். வெடிவைத்தல், போக்குவரத்து நிறுத்தம், தண்ணீர் தெளித்தல் ஆகியவற்றை உங்கள் ஊரின் பருவத்தோடு பொருத்தி ஓர் அட்டவணையாக நீங்களே தயாரித்துக் கொடுத்தால், மறுப்பதற்கு அதிகாரி காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

இழப்பீடு

2015 ஜனவரி 1 முதல் தேசிய நெடுஞ்சாலை நில எடுப்புக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இழப்பீட்டு, மறுவாழ்வு விதிகள் பொருந்தும். சந்தை மதிப்பை ஊரகப் பகுதிகளில் ஒன்று முதல் இரண்டு வரையிலான காரணியால் பெருக்கி, அதன் மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை (நிலம் கட்டாயமாக எடுக்கப்படுவதற்காகத் தரும் கூடுதல் தொகை) சேர்க்க வேண்டும். ஆறுதல் தொகையும் வட்டியும் நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் நிலம் இழந்தவர்களுக்கும் உண்டு என்று தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதி செய்தது. காரணியை நிர்ணயிப்பது மாநில அரசு; ஹிமாச்சலம் அதை ஒன்று என்று வைத்ததால் இழப்பீடு சந்தை மதிப்பின் இரண்டு மடங்கோடு நின்றது; அதனால்தான் அங்குள்ள விவசாயிகள், காரணியை இரண்டாக்கினால் கிடைக்கும் நான்கு மடங்கு இழப்பீடு கேட்டு நீண்ட காலம் போராடினார்கள்.

நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஜி பிரிவின் கீழ் உரிமை கோரும் அறிவிப்பு வரும்போது, நிலத்தின் விலையோடு நின்றுவிடாதீர்கள். எடுத்த துண்டால் மிச்ச நிலம் பிளவுபட்டதற்கும், மற்ற அசையாச் சொத்தோ வருமானமோ கெட்டதற்கும், தொழிலிடம் மாற்றும் செலவுக்கும் தொகை கேட்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. முற்றம் மட்டும் பறிபோய் விருந்தினர் வரத்து நின்ற ஹோம்ஸ்டேக்கு 'வருமானம் கெட்டது' என்ற தலைப்பே பொருந்தும். விருந்தினர் பதிவேடு அங்கேதான் உதவும். மறுவாழ்வுத் தலைப்பில் சிறு வணிகர், கைவினைஞருக்குக் குறைந்தது 25,000 ரூபாயும், இடம்பெயரும் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாயும் போக்குவரத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. தொகையில் குறையிருந்தால் மத்திய அரசு நியமித்த நடுவரிடம் முறையிட வேண்டும். நடுவர் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியராகவே இருப்பார்.

வேலை நடக்கும் காலத்தில்

சுற்றுச்சூழல் அனுமதி ஆணை வெளியானதும் அதிலுள்ள நிபந்தனைகளைத் தமிழிலோ உங்கள் வட்டார மொழியிலோ எழுதி ஊரில் ஒட்டுங்கள். அனுமதியையே எதிர்ப்பதானால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் வரை ஏற்கப்படும். நிபந்தனை மீறலுக்கு, அது முதலில் நிகழ்ந்த நாளிலிருந்து ஆறு மாதம். சேதத்துக்கு நிவாரணமும் இழப்பீடும் கோர ஐந்து ஆண்டுகள். தென் மாநிலங்களுக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது.

இந்தக் கெடுக்கள் ஓடத் தொடங்கும் நாளை நிறுவுவது உங்கள் நாட்குறிப்பே. மண் கொட்டிய லாரியின் எண், நாள், நேரம், இடக்குறியோடு படம். ஆறு கலங்கிய நாளில் கண்ணாடிப் புட்டியில் எடுத்த நீரின் படம். முன்பதிவை ரத்து செய்த விருந்தினர் அனுப்பிய செய்தி. வாளி நிரம்ப எடுத்த நொடிகள் என அனைத்தையும் ஒரே நோட்டில் நாள்வாரியாக எழுதி, வாரம் ஒருமுறை இருவர் கையெழுத்திட வேண்டும். படங்களை ஒரே கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல் மூன்று வீடுகளில் பிரித்து வையுங்கள். மீறல் தெரிந்த அன்றே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் திட்ட இயக்குநருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, பதில் வராவிட்டாலும் அனுப்பியதற்கான சான்றை அந்த நோட்டிலேயே ஒட்டிவிடுங்கள்.